பெனினில் இரண்டு கன்டெய்னர் முந்திரிக்கொட்டை: ஒரு கொள்முதல் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர்கள் யாரென்று தெரியாதிருக்கப் பெயர்களும் ஊர் விவரங்களும் விடப்பட்டுள்ளன. அளவுகளும் தொகைகளும் முழு எண்ணாக்கப்பட்டவை.

பின்னணி

பண்ருட்டி வட்டாரத்தில் நாளொன்றுக்கு 3 டன் கொட்டை உடைக்கும் ஆலை அது. அக்காள் கணவரும் மைத்துனரும் பதிவு செய்த கூட்டு நிறுவனமாக நடத்துகிறார்கள். உள்ளூர்க் கொட்டை ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் காணும். மீதி நாளெல்லாம் ஆப்பிரிக்கக் கொட்டை. அதைத் தூத்துக்குடி இறக்குமதியாளர்களிடம் லோடு லோடாக வாங்கி வந்தார்கள்.

2022 கடைசியில் மைத்துனர் ஒரு கணக்குப் போட்டார். பெனின் நாட்டுக் கொட்டையை அந்நாட்டுத் துறைமுகமான கோட்டனூவிலிருந்து நேரே இறக்கினால் தூத்துக்குடி விலையைவிடக் கிலோவுக்கு 8 ரூபாய் குறையும் என்று வந்தது. அதே நேரத்தில் தெரிந்தவர் வழியாக ஒரு கோட்டனூ தரகர் மூன்று யோசனைகளை முன்வைத்தார்: கொட்டை வாங்குவது, சாவே பக்கம் 30 ஹெக்டேர் முந்திரித் தோப்பு வாங்குவது, கோட்டனூவுக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டையில் உடைப்பு ஆலை போடுவது. "போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம் மாமா, செலவு என்ன ஆகிடப் போகுது" என்பதில் தொடங்கியது பயணம். அந்தச் செலவு என்ன ஆனது என்பது பின்னால் வருகிறது.

பெனின் டோகோவுக்கும் நைஜீரியாவுக்கும் இடையே, கினி வளைகுடாக் கரையில் உள்ள நாடு. தலைநகரம் போர்ட்டோ-நோவோ என்றாலும் துறைமுகமும் வணிகமும் கோட்டனூவில். ஆட்சிமொழி பிரெஞ்சு. நாணயம் சிஎஃப்ஏ பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டப்பட்டது என்பதால், உள்ளூர் நாணயம் திடீரெனச் சரியும் என்ற பயம் பக்கத்து நைஜீரியாவில் இருப்பதுபோல் இங்கே இல்லை. கொட்டை பிப்ரவரியில் விழத் தொடங்கி மே, ஜூன் வரை வரும்.

எல்லாவற்றையும் தீர்மானித்த செய்தி ஒன்று அப்போதே வெளியாகியிருந்தது: 2024 ஏப்ரல் 1 முதல் உடைக்காத முந்திரிக்கொட்டையை ஏற்றுமதி செய்யத் தடை. 2023 பருவம்தான் கடைசி முழுப் பருவம். தரகர் இதை "இப்போதே உள்ளே வந்துவிடுங்கள்" என்பதற்குக் காரணமாகச் சொன்னார். இவர்களோ இதே செய்தியைத் தயங்குவதற்குக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும் முன்

இ-விசா இணையத்திலேயே கிடைத்தது: 30 நாள், ஒருமுறை நுழைவு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும் என்பதால் டிக்கெட் தேதியை அதற்கேற்பத் தள்ள வேண்டியிருந்தது. மஞ்சள் அட்டை பெனினில் இறங்கும்போது மட்டுமல்ல, திரும்பி இந்தியாவில் இறங்கும்போதும் கேட்கப்படும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தல். மலேரியா மாத்திரையும் எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டியில் போனவை: கையால் வெட்டும் கட்டர் இரண்டு, ஒரு கிராம் வரை காட்டும் தராசு, முந்திரிக்கு அளவு திருத்திய ஈரப்பதமானி, ஜிப் பைகள், ஆலையின் பழைய கட்டிங் நோட்டு (மாதிரிக் கொட்டையை வெட்டித் தரம் பார்த்த குறிப்புகள்). அரிசி மண்டிக் குத்தூசி முந்திரிக்கு உதவாது. மூட்டையின் வாயைப் பிரித்து மேல், நடு, அடி என மூன்று இடத்தில் அள்ள வேண்டும். பிரெஞ்சு தெரிந்த மொழிபெயர்ப்பாளரைத் தரகர் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இவர்கள் வேறு வழியில் ஒருவரை வைத்துக்கொண்டார்கள். பயணத்தில் எடுத்த நல்ல முடிவுகளில் இதை முதலில் வைக்கலாம்.

கண்டது: கொட்டை

2023 பிப்ரவரி மூன்றாம் வாரம் போய் 16 நாள் இருந்தார்கள். கோட்டனூவிலிருந்து வடக்கே போஹிகான், டாஸா, சாவே வழியாகப் பாராகூ வரை சுமார் 415 கிலோமீட்டர். பகலில் மட்டும் வண்டி ஓட்டினார்கள். பாராகூவுக்கு மேலே, புர்கினா ஃபாசோ, நைஜர் எல்லைப் பக்கம் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் இருப்பதால் அங்கே போகவில்லை. கொள்முதலுக்கு அந்தப் பகுதி தேவையும் இல்லை.

கிராமத்தில் கொட்டை பொறுக்குபவரிடமிருந்து சிறு வாங்குநர், அவரிடமிருந்து ஊர்க் குடோன்காரர், அவரிடமிருந்து கோட்டனூ ஏற்றுமதியாளர் என்று கை மாறுகிறது. பருவத் திறப்பு நாளையும் விவசாயிக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச விலையையும் அரசு அறிவிக்கிறது. வெளிநாட்டுக்காரர் கிராமத்துக்குள் போய்த் தராசு போடுவது நடக்காத காரியம். கொட்டை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஈரமும் பழைய கொட்டையும் கலக்க வாய்ப்பு இருக்கிறது என்பதை மூன்றாவது குடோனிலேயே புரிந்துகொண்டார்கள். ஒரே அடுக்கில் சில மூட்டைகள் 8 சதவீத ஈரம், சில 11.

தரம் பார்த்த முறை இது. ஒரு கிலோ கொட்டையை எண்ணி, வெட்டி, பருப்பை மூன்றாகப் பிரிப்பது: முதல் வகை நல்லது; இரண்டாம் வகை புள்ளி விழுந்தது, சுருங்கியது; மூன்றாம் வகை சொத்தை, காலி. நல்லதன் எடையோடு இரண்டாம் வகையின் பாதி எடையைச் சேர்த்து 0.17637-ஆல் பெருக்கினால் 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்று வரும். வியாபாரத்தில் 'அவுட்டர்ன்' என்பது இதுதான். ஒரு குடோனில் நல்லது 258 கிராம், இரண்டாம் வகை 28 கிராம். 258 உடன் 14 சேர்த்தால் 272. அவுட்டர்ன் 48 பவுண்டு. கிலோவுக்கு 190 கொட்டை. பெனின் கொட்டைக்கு இது நியாயமான தரம். இந்த எடை உள்தோலோடு எடுத்தது. ஆலையில் உலர்த்தித் தோல் நீக்கினால் இன்னும் குறையும் என்பதையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

ஏழு குடோன்களில் 31 கட்டிங் பார்த்தார்கள். 46 முதல் 49 வரை வந்தது. விற்பவர்கள் எல்லாரும் வாயால் சொன்னது ஒரே எண்: 48.

கண்டது: தோப்பும் தொழிற்பேட்டையும்

தோப்பு நன்றாகத்தான் இருந்தது. மரங்களுக்குப் பதினைந்து வயதிருக்கும், இடைவெளி சீராக இருந்தது. சிக்கல் காகிதத்தில். தரகர் காட்டியது ஊர் அலுவலக முத்திரை போட்ட கிரய ஒப்பந்தம். பெனினில் 2013-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட நிலச் சட்டத்தின்படி உரிமைக்குச் சான்று 'தித்ர் ஃபோன்சியே' எனப்படும் நிலப் பட்டயம்தான். ஒப்பந்தம் பட்டயத்தை நோக்கிய ஒரு படி மட்டுமே. அதற்கும் மேலே, கிராமப்புற நிலத்தை வெளிநாட்டவர் சொந்தமாக வாங்கச் சட்டம் இடம் தரவில்லை, குத்தகைதான் எடுக்கலாம். உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி வைக்கலாம் என்றார் தரகர். நம்மூரில் பினாமி என்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது.

தொழிற்பேட்டை வேறு மாதிரி. குளோ-ஜிக்பேயில், கோட்டனூவிலிருந்து 45 கிலோமீட்டர் தொலைவில், 1,640 ஹெக்டேர் பரப்பில், அரசும் அரைஸ் நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. மின்சாரம், சாலை, சுங்க அலுவலகம் எல்லாம் வளாகத்துக்குள். முந்திரி, பருத்தி ஆலைகள் அங்கே வந்துகொண்டிருந்தன. கம்பெனிப் பதிவும் இணையத்தில் எளிதாக முடிகிறது. இங்கே ஏமாற்று எதுவும் இல்லை. அதனால்தான் இதைப் பற்றி ஊர் திரும்பியும் இரண்டு வாரம் பேசினார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஆலை வேண்டாம் என்று முடிவானது. முதல் காரணம் அங்கே இல்லை, இங்கே இருந்தது. இவர்களுடைய வாடிக்கையாளர்கள் எல்லாம் தமிழ்நாட்டு மிட்டாய்க் கடைகளும் மொத்த வியாபாரிகளும். பெனினில் உடைத்த பருப்பை அவர்களுக்குக் கொண்டுவர வேண்டும். 2019 ஜூன் முதல் இந்தியாவில் பருப்பு இறக்குமதிக்குக் குறைந்தபட்ச விலை உண்டு: உடைந்த பருப்பு கிலோ 680 ரூபாய், முழுப் பருப்பு 720 ரூபாய். அதற்குக் கீழே இறக்க முடியாது. மலிவாக உடைத்துக் கொண்டுவருவது என்ற கணக்கே அங்கு நின்றுவிடுகிறது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விற்கலாம்தான். அது வேறு வியாபாரம். அதற்கான தரச் சான்றிதழோ, வாங்குபவரோ, அங்கேயே குடியிருக்க வீட்டில் ஓர் ஆளோ இவர்களிடம் இல்லை.

பணம் அனுப்பும் வழி அடைபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி பதிவு பெற்ற கூட்டு நிறுவனமும் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை தானியங்கி வழியில் முதலீடு செய்யலாம். வங்கியில் படிவம் கொடுத்து, தனி அடையாள எண் வாங்கிய பிறகே பணம் போகவேண்டும். பிறகு ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. தரகர் சொன்ன 'முதலில் கொஞ்சம் அனுப்புங்கள், காகிதம் பிறகு' என்ற வழியில் போயிருந்தால் இந்த வரிசையே தலைகீழாகியிருக்கும்.

கொட்டை மட்டும் சோதனைக்கு இரண்டு கன்டெய்னர் வாங்குவது என்று முடிவு செய்தார்கள். 40 அடிக் கன்டெய்னர் ஒவ்வொன்றிலும் 80 கிலோ சணல் மூட்டை 320, அதாவது 25.6 டன், மொத்தம் 51.2 டன். கப்பல் கூலி உட்படத் தூத்துக்குடி வந்து சேர டன்னுக்கு 1,100 டாலர். ஏற்றுமதியாளர் 30 சதவீதம் முன்பணம் கேட்டார், கிராமத்தில் திரட்ட என்று. மறுத்தார்கள். காகிதம் வங்கிக்கு வந்ததும் 95 சதவீதம், தூத்துக்குடியில் எடையும் தரமும் பார்த்தபின் 5 சதவீதம் என்று முடிந்தது. தரம் 48 பவுண்டு. அரைப் பவுண்டு வரை விட்டுக்கொடுப்பது. அதற்கும் கீழே போனால், 48-லிருந்து எவ்வளவு குறைந்ததோ அதே விகிதத்தில் விலைக் குறைப்பு. 45-க்குக் கீழே சரக்கை மறுக்கலாம். ஈரம் அதிகபட்சம் 10 சதவீதம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதி, முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்றும் சேர்த்தார்கள்.

நடந்தது

முதல் கன்டெய்னர் மார்ச் கடைசி வாரம் ஏற்றப்பட்டது. கொட்டை காய்ந்திருந்தது. கன்டெய்னரின் பக்கத்திலும் கூரையிலும் பிரவுன் தாள் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கவிடப்பட்டன. கொழும்பில் மாறி மே நடுவில் தூத்துக்குடி வந்தது. அவுட்டர்ன் 47.6, ஈரம் 8.4. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவதற்குக் காலிக் கன்டெய்னர் கிடைக்காமல் ஏப்ரல் கடைசியாகிவிட்டது. தென் பெனினில் பெரிய மழைக்காலம் ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கி வைத்த மூட்டைகள் சிமெண்ட் தரையில், மரப்பலகை இல்லாமல், சுவரை ஒட்டி அடுக்கிக் கிடந்தன. எண்ணிக்கை குறைந்த இடத்தைப் புதிதாக வந்த கொட்டையால் நிரப்பினார்கள். இந்த முறை தாள் பக்கங்களில் மட்டும். கப்பல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறிப் போகும்போது கொட்டையிலிருந்து கிளம்பும் ஆவி கூரைத் தகட்டில் நீராகி மேல் மூட்டைகள் மீதே சொட்டும். அதுதான் நடந்தது.

பரிசோதனை நிறுவனம் ஏற்றும்போது சான்று கொடுத்திருந்தது: 47.8 பவுண்டு. பொய்ச் சான்று என்று சொல்லிவிட முடியாது. இரண்டு கன்டெய்னருக்கும் ஒரே உத்தரவு கொடுத்திருந்ததால் மார்ச்சிலேயே மொத்தச் சரக்குக்கும் ஒரு கூட்டு மாதிரி எடுத்து முடித்துவிட்டார்கள். ஏப்ரலில் மூட்டை எண்ணிக்கை மட்டும் பார்க்கப்பட்டது. இவர்கள் மார்ச் முதல் வாரமே ஊர் திரும்பியிருந்தார்கள்.

ஜூன் நடுவில் தூத்துக்குடியில் திறந்தபோது மேல் வரிசைச் சாக்குகளில் பூஞ்சணம். இரு தரப்புக்கும் பொதுவான சர்வேயர் எடுத்த அவுட்டர்ன் 45.2, சராசரி ஈரம் 10.2. மறுக்கும் எல்லைக்கு 0.2 மேலே.

இதோடு சுங்கத்திலும் ஒரு தடங்கல். பெனின் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளின் பட்டியலில் இருப்பதால் அங்கிருந்து வரும் கொட்டைக்கு இந்தியா தரும் வரிச் சலுகை உண்டு. அதற்கு அந்தத் திட்டத்துக்கென உள்ள படிவத்தில் தோற்றச் சான்று வேண்டும். வந்தது வணிகச் சபையின் சாதாரணச் சான்று. 2020 செப்டம்பர் முதல் அமலில் உள்ள விதிப்படி தோற்ற விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்கவும் வேண்டும், அதுவும் இல்லை. 2.5 சதவீத அடிப்படை வரியும் அதன்மேல் 10 சதவீத சமூகநல மேல்வரியும் கட்டிச் சரக்கை எடுத்தார்கள்.

கணக்கு

இரண்டாவது கன்டெய்னரில் 48-லிருந்து 45.2-க்கு விலைக் குறைப்பு டன்னுக்கு 64.17 டாலர்; 25.6 டன்னுக்கு 1,643 டாலர். கையில் பிடித்து வைத்திருந்த 5 சதவீதம் 1,408 டாலர். மீதி 235 டாலரை விற்றவர் 'அடுத்த சரக்கில் கழித்துக்கொள்ளலாம்' என்றார். அடுத்த சரக்கு வரவே இல்லை.

ஈரத்துக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு இருந்தது, மீறினால் என்ன என்பது இல்லை. 10.2-லிருந்து 8-க்கு உலர்த்தியபோது 612 கிலோ காற்றில் போனது. வாங்கிய விலையில் 673 டாலர்.

டாலர் 82 ரூபாய் என்று வைத்தால்: வரி 1,27,000 ரூபாய், ஈர இழப்பு 55,000, வராத பாக்கி 19,000. இருவரின் விமானம், விசா, தங்கல், வண்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் சேர்ந்து 3,20,000. ஆகமொத்தம் 5,21,000. கிலோவுக்கு 8 ரூபாய் மிச்சம் என்ற பழைய கணக்குப்படி கிடைத்திருக்க வேண்டியது 4,10,000. தூத்துக்குடியிலேயே வாங்கியிருந்தால் 1,11,000 ரூபாய் கூடுதலாகக் கையில் இருந்திருக்கும்.

எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் பயணச் செலவை எடுக்கவே 40 டன் வேண்டும். 51 டன் சரக்குக்கு இரண்டு பேர் 16 நாள் போனது ஆரம்பத்திலேயே பொருந்தாத அளவு. முதல் நாளே போட்டிருக்கக்கூடிய கணக்கு இது. ஆனால் தொழிற்பேட்டையும் தோப்பும் மனத்தில் இருந்ததால் கொட்டைக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்கவில்லை.

2024

ஜனவரியில் அதே ஏற்றுமதியாளரிடமிருந்து அழைப்பு: தடை வருமுன், மார்ச் 31-க்குள் கப்பலேற்றிவிடலாம், 40 சதவீதம் முன்பணம். புதுக் கொட்டை பிப்ரவரியில் விழுந்து, காய்ந்து, கோட்டனூ வந்து, காலிக் கன்டெய்னரும் கப்பல் இடமும் கிடைத்து, ஏழு வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். முந்தின ஆண்டு ஒரு கன்டெய்னரே நான்கு வாரம் தாமதமானது. ஒரு கப்பல் தவறினால் சரக்கும் முன்பணமும் தடையின் அந்தப் பக்கம். மைத்துனருக்கு இன்னும் ஆசை இருந்தது. "மாப்ள, பணம் நம்மது, தேதி அவங்களது" என்று மாமா முடித்துவிட்டார்.

ஏப்ரல் 1-இல் தடை வந்தது. அந்த ஏற்றுமதியாளர் குளோ-ஜிக்பே ஆலைகளுக்குக் கொட்டை சேகரித்துக் கொடுப்பவராக மாறிக்கொண்டார். அந்த ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்து விலை ஏறியதில், மலிவாக ஒப்புக்கொண்டவர்கள் சரக்கு அனுப்பாமல் கைவிட்டது பல இடங்களில் நடந்தது. முன்பணம் கொடுத்தவர்களே அதிகம் மாட்டினார்கள்.

இவர்கள் தூத்துக்குடிக் கொள்முதலுக்கே திரும்பினார்கள், ஒரு மாற்றத்தோடு: குடோனில் ஐந்து மூட்டைக்கு ஒன்று பிரித்துத் தாங்களே கட்டிங் பார்த்து, அவுட்டர்ன் அடிப்படையில் விலை பேசுவது. முன்பு கண்ணால் பார்த்து ஒரே விலைதான். அந்த ஆண்டு பார்த்த ஐந்து லோடில் ஒன்றைத் திருப்பினார்கள், இரண்டில் விலை குறைத்தார்கள்.

மறுபடி செய்வதானால்

பிடித்தம் 5 சதவீதம் போதாது. 48-லிருந்து மறுக்கும் எல்லையான 45 வரை 3 பவுண்டு, அதாவது 6.25 சதவீதம்; ஐந்து சதவீதம் 2.4 பவுண்டுக்குத்தான் காணும். எல்லை எங்கே வைக்கப்படுகிறதோ அதுவரை பிடித்தம் எட்ட வேண்டும், எடைக் குறைவுக்கும் சேர்த்து 7 அல்லது 8 என்று கேட்க வேண்டும்.

பரிசோதனை உத்தரவு கன்டெய்னருக்கு ஒன்றாக, ஏற்றும் நாளிலேயே மாதிரி எடுப்பதாக, ஈரத்தையும் தாள் ஒட்டியதையும் படத்தோடு எழுதுவதாக இருக்க வேண்டும். கூடுதல் கட்டணம் அந்த 673 டாலரைவிடக் குறைவாகவே இருக்கும். ஏப்ரல் 10-க்குப் பின் ஏற்றினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை வாங்குபவருக்கு. ஈரம் 9-க்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் ஒரு சதவீதக் கழிவு என்று எழுதியாக வேண்டும்.

தோற்றச் சான்றின் நகலைக் கப்பல் கிளம்பும் முன்பே வாங்கித் தூத்துக்குடி சுங்க முகவரிடம் காட்ட வேண்டும். கிளம்பிய பின் திருத்த மீண்டும் பிரெஞ்சில் கடிதப் போக்குவரத்து, அதற்குள் துறைமுக வாடகை ஏறும்.

பெனின் கொட்டை இனி பருப்பாகத்தான் வெளியே வரும் என்பதால் இந்தத் திருத்தங்களை இவர்கள் தான்சானியாவுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே பருவம் அக்டோபரில் தொடங்குவதால் மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை தீரும் மாதங்களுக்குப் பொருந்தும். விற்பனை கூட்டுறவு ஏலத்தில். நான்கு ஆலைக்காரர்கள் சேர்ந்து, ஒரே ஆளை அனுப்பி, குறைந்தது எட்டுக் கன்டெய்னர் என்றால் மட்டும் போவதாகப் பேச்சு. இதுவரை இரண்டு ஆலைகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.